கோப்பிலிருந்து குடிசைக்கு: எஸ். ஆர். சங்கரனின் ஆட்சிப்பணி

தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நம் குடும்பங்களில், பிள்ளை பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டால் போதும். ஊரிலிருந்து வரும் மாமா, சித்தப்பா எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "என்னப்பா, ஐ.ஏ.எஸ். எழுதப் போகிறாயா?" கேட்பவர் மனத்தில் இருப்பது பெரும்பாலும் கலெக்டர் பங்களாவும், வாசலில் நிற்கும் சிப்பாயும், விளக்கு சுழலும் காரும்தான். அந்தச் சிவப்பு விளக்கும் 2017 மே மாதம் முதல் எடுக்கப்பட்டுவிட்டது. அப்படியானால் அந்தப் பதவியில் மிஞ்சுவது என்ன? ஒரு மனிதர் முப்பத்தைந்து ஆண்டுகள் ஆட்சிப்பணியில் இருந்து என்ன செய்துவிட முடியும்?

இதற்கு விடையாக ஒரு வாழ்க்கையை இங்கே பார்ப்போம். தஞ்சை மாவட்டத்தில் பிறந்து, ஆந்திரத்தில் அதிகாரியாகி, திரிபுராவிலும் டெல்லியிலும் பணிபுரிந்து, ஐதராபாத்தில் வாழ்ந்து மறைந்த எஸ். ஆர். சங்கரன் அவர்களின் வாழ்க்கை அது. தெலுங்கு மக்கள் அவரை 'மக்கள் ஐ.ஏ.எஸ். அதிகாரி' என்று அழைத்தார்கள். தமிழ்நாட்டில் அவர் பெயரை அறிந்தவர் குறைவு.

ஆட்சிப்பணி என்னும் அமைப்பு

கதைக்குள் போகும் முன், இந்தப் பணி எப்படி நடக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் அரசியல் சட்டத்தின் 312ஆம் பிரிவு அகில இந்தியப் பணிகளைப் பற்றியது. மத்திய தேர்வாணையம் தேர்வு நடத்தி ஆட்களைத் தேர்ந்தெடுக்கிறது. தேர்வானவர் ஒவ்வொருவரும் ஏதாவதொரு மாநிலத்துக்கு ஒதுக்கப்படுகிறார். அது சொந்த மாநிலமாக இருக்கலாம். பெரும்பாலும் வேறு மாநிலமாகவே இருக்கும். அந்த மாநிலத்து மொழியைக் கற்று அதில் தேர்ச்சி பெற்றாக வேண்டும்.

முதலில் சப்-கலெக்டர், பிறகு மாவட்டக் கலெக்டர், அதன்பின் தலைமைச் செயலகத்தில் ஏதாவதொரு துறையின் செயலாளர் என்று படிகள் உயரும். மாநிலத்தில் அதிகாரிகளின் தலைவர் தலைமைச் செயலாளர். இடையில் அயற்பணியாக டெல்லிக்குச் சென்று மத்திய அரசிலும் பணியாற்றலாம். கொள்கையை முடிவு செய்பவர்கள் மக்கள் தேர்ந்தெடுத்த அமைச்சர்கள். அந்தக் கொள்கைக்குச் சாதக பாதகங்களை எடுத்துச் சொல்வதும், சட்டமாகிவிட்டதை நிறைவேற்றி வைப்பதும் அதிகாரியின் கடமை. இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சங்கரன் அவர்களின் வாழ்க்கை முழுவதும் இதற்குள்தான் அடங்கியிருக்கிறது.

தஞ்சையிலிருந்து ஆந்திரத்துக்கு

சங்கரன் 1934இல் பிறந்தார். அன்றைய தஞ்சை மாவட்டம் நெல் விளையும் பூமி. பண்ணையாள் முறை வேரூன்றியிருந்த பூமியும்கூட. ஒரு மிராசுதாரின் நிலத்தில் தகப்பன் உழுதால் மகனும் அங்கேயே உழ வேண்டும். கல்யாணத்துக்கும் சாவுக்கும் வாங்கிய கடன் தலைமுறை தாண்டியும் தீராது. இந்த நிலையை ஓரளவு மாற்ற 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அப்போது சங்கரனுக்குப் பதினெட்டு வயது. சட்டம் வந்த பிறகும் கூலி உயர்வுக்காகவும் மரியாதைக்காகவும் அந்த மாவட்டத்தில் நெடுங்காலம் போராட்டங்கள் நடந்தன என்பது நமக்குத் தெரிந்த வரலாறு. சட்டம் எழுதப்படுவது ஒன்று, அது வயலில் இறங்குவது வேறொன்று. இந்த வேறுபாட்டைப் பிற்காலத்தில் சங்கரன் தன் வேலையாகவே எடுத்துக்கொண்டார்.

1950களின் பிற்பாதியில் அவர் ஆட்சிப்பணிக்குத் தேர்வாகி ஆந்திரப் பிரதேசத்துக்கு ஒதுக்கப்பட்டார். அந்த மாநிலமே 1956 நவம்பர் 1 அன்றுதான் பிறந்திருந்தது. சென்னை மாகாணத்திலிருந்து பிரிந்த கடலோர ஆந்திரமும் ராயலசீமையும் ஒரு பக்கம். நிஜாம் ஆட்சியிலிருந்த தெலங்கானா மறுபக்கம். நிலவரிக் கணக்கு முதல் கிராம அதிகாரிகளின் பெயர் வரை இரண்டு பகுதிக்கும் வேறு வேறு. இளம் தமிழ் அதிகாரி ஒருவருக்கு இது எளிய களம் அல்ல. அந்த மண்ணையே தன் மண்ணாக்கிக்கொண்டார் சங்கரன். ஓய்வு பெற்றபின்னும் அவர் தஞ்சைக்குத் திரும்பவில்லை, ஐதராபாத்திலேயே தங்கிவிட்டார். பிழைப்புக்காக வந்த ஊரைக் கடைசிவரை 'வெளியூர்' என்றே சொல்லிக்கொண்டிருக்கும் நமக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது.

நிலக்கரிச் சுரங்கங்கள்

1970களின் தொடக்கத்தில் மத்திய அரசில் எஃகு, சுரங்கத் துறை அமைச்சராக இருந்தவர் மோகன் குமாரமங்கலம். அவருடைய சிறப்பு உதவியாளராகச் சங்கரன் டெல்லியில் பணியாற்றினார். நிலக்கரிச் சுரங்கங்கள் அப்போது தனியார் கையில் இருந்தன. பாதுகாப்புக்குச் செலவிடாமல் கரியை மட்டும் அள்ளிக்கொள்ளும் முதலாளிகள் பலர். தொழிலாளியோ கூலி வாங்கும் நாளிலேயே வட்டிக்காரனிடம் அதைப் பறிகொடுத்துவிட்டு நிற்பான். எஃகு ஆலைகளுக்கு வேண்டிய கல்கரி தரும் சுரங்கங்கள் 1972 மே 1 அன்றும், மற்றச் சுரங்கங்கள் 1973 மே 1 அன்றும் நாட்டுடைமை ஆயின. அதே 1973 மே 31 அன்று விமான விபத்தில் குமாரமங்கலம் உயிரிழந்தார்.

நாட்டுடைமை சரியா தவறா என்று இன்றைக்கும் வாதம் நடக்கலாம். நாம் கவனிக்க வேண்டியது வேறு. பெரிய கொள்கை முடிவுக்குப் பின்னால் எத்தனை கோப்புகள், எத்தனை ஷரத்துகள், எத்தனை இரவுகள் இருக்கின்றன என்பதைச் சங்கரன் அங்கே அருகிலிருந்து கற்றார். அந்தப் பயிற்சியோடு ஆந்திரத்துக்குத் திரும்பியவர், எல்லாரும் ஆசைப்படும் நிதி, தொழில் போன்ற துறைகளை விட்டுச் சமூக நலத் துறையில் ஊன்றி நின்றார். ஆதிதிராவிடர், பழங்குடியினர் நலன்களைக் கவனிக்கும் அந்தத் துறையைப் பல அதிகாரிகள் தண்டனையாகக் கருதுவது வழக்கம்.

கடனுக்கு அடிமையான மனிதர்கள்

அரசியல் சட்டத்தின் 23ஆம் பிரிவு 1950இலேயே கட்டாய உழைப்பைத் தடை செய்துவிட்டது. ஆனால் அதை மீறுவோரைத் தண்டிக்கத் தனிச்சட்டம் வரக் கால் நூற்றாண்டு ஆயிற்று. 1975 அக்டோபரில் அவசரச் சட்டமாக வந்து, 1976இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமாக அது நிலைபெற்றது. அந்தச் சட்டம் சொல்வதைச் சற்று நின்று படிக்க வேண்டும்.

கொத்தடிமையாக உழைப்பவர் மீதிருந்த கடன் முழுவதும் அந்த நாளோடு ரத்து. 'இவர் கொத்தடிமை அல்ல' என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு கடன் கொடுத்தவருடையது. உழைப்பவர் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. மீறினால் மூன்றாண்டுச் சிறையும் 2,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். சட்டத்தை நடத்தும் பொறுப்பு மாவட்டக் கலெக்டருக்கு. மாவட்டந்தோறும், கோட்டந்தோறும் விழிப்புக் குழுக்கள் அமைக்க வேண்டும். அவற்றில் தாழ்த்தப்பட்டோரும் பழங்குடியினரும் உறுப்பினராக இருக்க வேண்டும்.

காகிதத்தில் எல்லாம் இருந்தது. கிராமத்தில் நடப்பது என்ன? தெலங்கானாவில் கூலியில்லாத கட்டாய வேலைக்கு 'வெட்டி' என்று பெயர். நம் 'வெட்டி வேலை'யை நினைவூட்டும் சொல்தான். ஆண்டுக் கணக்கில் ஒரே வீட்டில் கட்டுண்டு உழைப்பவன் அங்கே 'ஜீதகாடு', கடலோரத்தில் 'பாலேரு'. நூறு ரூபாய்க் கடனுக்குப் பத்து வயதுப் பையன் மாடு மேய்க்கப் போவான். இருபது வயதிலும் கடன் தீர்ந்திருக்காது. அவன் விரல் ரேகை பதிந்த காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. விசாரிக்க வரும் வருவாய்த்துறை ஜீப் எந்த வீட்டு வாசலில் நிற்கும்? அந்த நிலக்கிழார் வீட்டு வாசலில்தான். காப்பி குடித்துவிட்டு, 'இந்தக் கிராமத்தில் கொத்தடிமை யாரும் இல்லை' என்று அறிக்கை எழுதி முடிப்பது எளிது. அப்படி எத்தனையோ அறிக்கைகள் பல மாநிலங்களிலிருந்தும் டெல்லிக்குப் போயின.

சங்கரன் இந்த 'இல்லை'யை ஏற்கவில்லை. சமூக நலத் துறைச் செயலாளராக அவர் செய்தது புதிய சட்டம் எழுதுவது அல்ல. இருக்கும் சட்டத்தைக் கலெக்டர்களும் தாசில்தார்களும் நடத்தியே ஆக வேண்டும் என்று விடாமல் கேட்டதுதான். கொத்தடிமைகளை அடையாளம் காண வேண்டும், விடுதலைச் சான்றிதழ் கொடுக்க வேண்டும், கடன் ரத்தானதை அவர்களுக்குப் புரியும்படி சொல்ல வேண்டும்.

விடுதலையோடு வேலை முடிவதில்லை என்பதும் அவருக்குத் தெரியும். விடுவிக்கப்பட்டவனுக்கு மறுநாள் காலையில் கஞ்சி வேண்டும். பழைய முதலாளி வேலை தர மாட்டார். ஊரில் வேறு யாரும் தரத் துணிய மாட்டார்கள். ஒரு துண்டு நிலமோ, இரண்டு மாடோ, நியாயக் கூலியோ இல்லையென்றால் அவன் மீண்டும் அதே வீட்டு வாசலில் போய் நிற்பான். மறுவாழ்வுக்காக ஒருவருக்கு 4,000 ரூபாய் தரும் திட்டம் 1978இல் வந்தது. செலவை மத்திய அரசும் மாநில அரசும் பாதிப் பாதியாக ஏற்றன. மறுவாழ்வு இல்லாத விடுதலை பயனற்றது என்று பின்னர் உச்ச நீதிமன்றமும் கூறியது. ஆகவே நிலப் பங்கீடு, குறைந்தபட்சக் கூலி, மாணவர் விடுதி, கடனுதவி எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கட்டிப் பார்த்தார் சங்கரன். மாநிலத் திட்டச் செலவில் தாழ்த்தப்பட்டோரின் மக்கள்தொகைக்கு ஏற்ற பங்கை அவர்களுக்கென்றே ஒதுக்கும் சிறப்புக் கூறுத் திட்டம் 1979-80இல் நாடெங்கும் தொடங்கியபோது, ஆந்திரத்தில் அதற்கு உயிர் கொடுத்தவர்களில் அவர் முதன்மையானவர்.

இப்படிச் செய்தால் எதிர்ப்பு வராமல் இருக்குமா? கிராமங்களில் அமைதி குலைகிறது, தாழ்த்தப்பட்டவர்களை அதிகாரியே தூண்டிவிடுகிறார் என்று செல்வாக்குள்ளவர்கள் புகார் செய்தார்கள். ஆட்சியின் தலைமைக்கே அவர் மீது அதிருப்தி உண்டாயிற்று என்றும், நேருக்கு நேர் கேட்டபோது சட்டத்தை நிறைவேற்றுவது தன் கடமை என்ற நிலையிலிருந்து அவர் இறங்கவில்லை என்றும், விடுப்பில் சென்றார் என்றும் அவரோடு பழகியவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

இந்த இடத்தை நம் பிள்ளைகள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். அதிகாரி அமைச்சரை எதிர்த்துப் போராடும் எதிர்க்கட்சிக்காரர் அல்லர். ஒருவரை எந்தத் துறையில் வைப்பது என்பது அரசின் உரிமை. அதைச் சங்கரன் மறுக்கவில்லை. ஆனால் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் நடைமுறையில் இருக்கும்வரை, அதை நடத்தாதே என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அந்தக் கோட்டில் அவர் நின்றார். அதற்கான விலையையும் முணுமுணுக்காமல் கொடுத்தார்.

திரிபுராவில்

அடுத்து அவரை வரவேற்றது நாட்டின் வடகிழக்கு மூலையிலுள்ள திரிபுரா. 1978 முதல் 1988 வரை அங்கே முதலமைச்சராக இருந்தவர் நிருபேன் சக்கரவர்த்தி. பதவி போனதும் ஒரு தகரப் பெட்டியோடு அரசு வீட்டை விட்டு வெளியேறியவர் என்று இன்றும் பேசப்படுபவர். 1980களில் அவருடைய அரசில் சங்கரன் தலைமைச் செயலாளர் ஆனார். முதலமைச்சரும் திருமணம் செய்துகொள்ளாதவர். தலைமைச் செயலாளரும் அப்படியே. இருவரின் எளிமையும் அகர்தலாவில் பழங்கதைபோல் ஆகிவிட்டது.

எளிமையைவிட முக்கியம் அங்கே இருந்த பிரச்சினை. நாட்டுப் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகளால் திரிபுராவின் பழங்குடிகள் தங்கள் சொந்த மண்ணிலேயே சிறுபான்மையினர் ஆகிவிட்டார்கள். நிலமும் கைமாறிப்போயிற்று. 1980இல் இரு தரப்புக்கும் இடையே கொடிய கலவரமும் நடந்தது. பழங்குடிப் பகுதிகளுக்கென்று தன்னாட்சி மாவட்டக் கவுன்சில் 1982இல் செயல்படத் தொடங்கி, 1985இல் அரசியல் சட்டத்தின் ஆறாம் அட்டவணைப் பாதுகாப்பைப் பெற்றது. இப்படிப்பட்ட காலத்தில், இப்படிப்பட்ட இடத்தில், மொழியும் உணவும் முற்றிலும் வேறான மக்களிடையே ஒரு தமிழர் நிர்வாகத் தலைமையில் இருந்தார்.

குர்த்தேடு காட்டில்

பிறகு ஆந்திரத்துக்கே திரும்பினார். 1987 டிசம்பர் இறுதியில் கிழக்கு கோதாவரி மாவட்டத்து மலைப்பகுதிக்கு அதிகாரிகள் குழு ஒன்று பழங்குடியினர் நலப் பணிகளைப் பார்வையிடச் சென்றது. சங்கரனும் அதில் ஒருவர். குர்த்தேடு என்னும் ஊரருகே 'மக்கள் யுத்தக் குழு' என்ற நக்சலைட் அமைப்பினர் அவர்களைக் கடத்திச் சென்றார்கள். ஐ.ஏ.எஸ். அதிகாரிகள் பலர் ஒரே நேரத்தில் சிறைபிடிக்கப்பட்டது நாட்டையே உலுக்கியது. சிறையிலிருந்த தங்கள் தோழர்களை விடுவிக்க வேண்டும் என்பது கடத்தியவர்களின் கோரிக்கை. என்.டி. ராமாராவ் அரசு இசைந்தது. அதிகாரிகள் நலமாகத் திரும்பினார்கள்.

பழங்குடியினருக்காகவே உழைத்த ஒருவரை, பழங்குடியினருக்காகப் போராடுவதாகச் சொன்னவர்கள் துப்பாக்கி முனையில் பிடித்தார்கள். வேறு யாராக இருந்தாலும் மனம் கசந்திருக்கும். சங்கரன் என்ன செய்தார் என்பது பத்தாண்டுகளுக்குப் பின் தெரிந்தது. ஆந்திரத்தில் ஒரு பக்கம் நக்சலைட்டுகளின் கொலைகளும், மறுபக்கம் போலீஸ் 'மோதல்' சாவுகளும் பெருகியிருந்த 1997இல், 'அக்கறை கொண்ட குடிமக்கள் குழு' என்ற பெயரில் சிலர் கூடினார்கள். அதன் அமைப்பாளர் சங்கரன். பேராசிரியர் ஹரகோபால், வழக்கறிஞர் கே.ஜி. கண்ணபிரான் போன்றோர் அதில் இருந்தார்கள். இறந்தவர்களின் வீடுகளுக்குச் சென்றார்கள். போலீஸ்காரர் குடும்பம், நக்சலைட் குடும்பம் என்று பிரித்துப் பார்க்கவில்லை. அரசுக்கும் எழுதினார்கள், நக்சலைட்டுகளுக்கும் எழுதினார்கள். இரு தரப்பையும் கண்டித்தார்கள். ஆகவே இரு தரப்பின் கோபத்தையும் சம்பாதித்தார்கள்.

பல ஆண்டு முயற்சிக்குப் பின் 2004 அக்டோபரில் ஐதராபாத்தில் அரசும் நக்சலைட் தலைவர்களும் ஒரே மேசையில் அமர்ந்து பேசினார்கள். 2005 தொடக்கத்தில் அந்த முயற்சி முறிந்துபோனது. முறிந்ததால் வீண் என்று சொல்லிவிடலாமா? அந்தச் சில மாதங்களில் துப்பாக்கிகள் அடங்கியிருந்தன. அதனால் பிழைத்தவர்கள் இருந்தார்கள். தன்னைக் கடத்தியவர்களோடும் பேசலாம் என்று ஒருவர் நினைத்ததன் பயன் அது.

ஓய்வுக்குப் பின் தொடங்கிய பணி

மத்திய அரசின் ஊரக வளர்ச்சித் துறைச் செயலாளராக இருந்து 1992இல் அவர் ஓய்வு பெற்றார். இந்த நிலையில் ஓய்வு பெறுபவர்களுக்கு ஆணையங்களும் நிறுவனப் பதவிகளும் காத்திருக்கும். சங்கரன் ஐதராபாத்தில் ஒரு சிறிய அடுக்குமாடி வீட்டில் குடியேறினார். அங்கிருந்து அவர் செய்த இன்னும் இரண்டு வேலைகளைச் சொல்ல வேண்டும்.

முதலாவது, மலம் அள்ளும் தொழிலை ஒழிக்கும் இயக்கம். எடுப்புக் கக்கூஸ் என்று நம் தாத்தா பாட்டி சொல்லும் கழிப்பிடங்களைக் கட்டுவதையும், அவற்றைக் கையால் சுத்தம் செய்ய ஆள் வைப்பதையும் 1993ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. இங்கும் அதே கதைதான். எங்கள் மாநிலத்தில் அப்படி எதுவும் இல்லை என்று பல மாநிலங்கள் சொல்லிவிட்டன. அந்தத் தொழிலில் தலைமுறைகளாகத் தள்ளப்பட்ட குடும்பத்தில் பிறந்த பெஜவாடா வில்சனும் அவருடைய நண்பர்களும் 1990களின் நடுவில் சஃபாய் கர்மசாரி ஆந்தோலனைத் தொடங்கியபோது, வழிகாட்டியாக உடன் நின்றவர் சங்கரன். கூடையும் தகரமும் சுமக்கும் பெண்களின் படங்களையும் வாக்குமூலங்களையும் திரட்டி, 2003இல் அந்த இயக்கம் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. 'இல்லை' என்ற அறிக்கைக்கு 'இதோ இருக்கிறது' என்ற சான்று விடையாயிற்று. 2013இல் கடுமையான புதிய சட்டம் வந்தது. 1993 முதல் சாக்கடைக் குழிகளில் இறந்தவர்களின் குடும்பங்களுக்குப் பத்து லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014 மார்ச்சில் தீர்ப்பும் வந்தது. அந்தத் தொகையை 2023இல் நீதிமன்றம் முப்பது லட்சமாக உயர்த்தியது. வில்சனுக்கு 2016இல் மகசேசே விருது கிடைத்தது. இவை எதையும் பார்க்கச் சங்கரன் இல்லை.

இரண்டாவது, உணவு உரிமை. கிடங்குகளில் தானியம் நிறைந்திருக்க, வறட்சிப் பகுதிகளில் மக்கள் பட்டினி கிடப்பதைச் சுட்டிக்காட்டி 2001இல் ஒரு பொதுநல வழக்கு உச்ச நீதிமன்றத்தில் தொடரப்பட்டது. அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு தர வேண்டும் என்று அந்த ஆண்டு நவம்பரில் நீதிமன்றம் ஆணையிட்டது. தமிழ்நாடு பல்லாண்டுகளாகச் செய்துவந்த காரியம் நாடு முழுவதற்கும் கட்டாயமானது அப்போதுதான். ஆணை போட்டால் போதுமா? நடக்கிறதா என்று யார் பார்ப்பது? 2002 மே மாதம் நீதிமன்றம் இரண்டு ஆணையர்களை நியமித்தது. ஒருவர் என்.சி. சக்சேனா, மற்றவர் எஸ். ஆர். சங்கரன். எழுதியது நடக்கிறதா என்று பார்ப்பது அவர் வாழ்நாள் முழுதும் செய்த வேலைதானே!

சொந்த வாழ்க்கை

சங்கரன் திருமணம் செய்துகொள்ளவில்லை. சம்பளத்திலும் பின்னாளில் பென்ஷனிலும் பெரும்பகுதி ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குப் போயிற்று. அப்படிப் படித்தவர்கள் பலர் இன்று நல்ல நிலையில் இருக்கிறார்கள். 2005 குடியரசு நாள் விருதுப் பட்டியலில் அவருக்குப் பத்மபூஷண் அறிவிக்கப்பட்டது. அவர் அதை ஏற்கவில்லை. அதைப் பெரிய செய்தியாக்கவும் இல்லை.

2010 அக்டோபர் 7 அன்று ஐதராபாத்தில் காலமானார். அஞ்சலி செலுத்த வந்தவர்களில் உயர் அதிகாரிகளும் இருந்தார்கள். துப்புரவுத் தொழிலாளர்களும் இருந்தார்கள்.

நாம் கற்க வேண்டியது

இவரைப் போல எல்லாரும் துறவியாக வாழ வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. குடும்பம், பிள்ளைகள், வீட்டுக் கடன் என்று வாழும் நல்ல அதிகாரிகளும் எத்தனையோ பேர் உண்டு. சங்கரன் எல்லாவற்றையும் சாதித்துவிட்டார் என்றும் சொல்ல மாட்டேன். செங்கல் சூளைகளிலும் கல் குவாரிகளிலும் முன்பணம் வாங்கிச் சிக்கிக்கொண்ட குடும்பங்கள் இன்றும் மீட்கப்படுகின்றன என்று பத்திரிகைகளில் படிக்கிறோம். சாக்கடைக் குழியில் இறங்கி மூச்சுத் திணறி இறந்தவர்களைப் பற்றியும் படிக்கிறோம். நாம் வாழும் பெருநகரங்களிலேயே அது நடக்கிறது. இறப்பவர்களில் நம் தமிழ்த் தொழிலாளர்களும் உண்டு.

ஆயினும் ஒன்று உறுதி. இந்த நாட்டில் ஏழைகளுக்கான நல்ல சட்டங்களுக்குப் பஞ்சமில்லை. அந்தச் சட்டம் தலைமைச் செயலகத்துக் கோப்பிலிருந்து புறப்பட்டு ஒரு குடிசை வாசலை அடைய, வழியில் பத்து மேசைகளைத் தாண்ட வேண்டும். பத்து மேசையிலும் 'இது என் வேலை' என்று நினைப்பவர் ஒருவர் வேண்டும். கலெக்டர் மேசைக்குப் பொருந்துவது குமாஸ்தா மேசைக்கும் பொருந்தும். ரயில்வேயிலும் வங்கியிலும் தபால் துறையிலும் மத்திய அரசு அலுவலகங்களிலும் பணிபுரியும் நம்மவர்கள் ஒவ்வொருவருக்கும் முன்னால் அப்படி ஒரு மேசை இருக்கிறது. கையெழுத்துப் போடத் தெரியாத ஒருவர் விண்ணப்பத்தோடு அங்கே வந்து நிற்கும்போது, சங்கரன் அவர்களின் வாழ்க்கை நமக்கு நினைவுக்கு வந்தால் நல்லது.

அடுத்த முறை ஊரிலிருந்து வரும் மாமா, "ஐ.ஏ.எஸ். எழுதப் போகிறாயா?" என்று பிள்ளையைக் கேட்டால், கூடவே இன்னொரு கேள்வியையும் நாம் கேட்போம்: "எழுதித் தேறினால், யாருக்காக வேலை செய்யப் போகிறாய்?"

வீட்டில் பேசிப் பார்க்க

1. கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தில், நிரூபிக்கும் பொறுப்பை உழைப்பவர் மீது வைக்காமல் கடன் கொடுத்தவர் மீது வைத்தது ஏன்?

2. விடுதலைச் சான்றிதழ் மட்டும் கொடுத்து, நிலமோ வேலையோ கொடுக்காவிட்டால் என்ன நடக்கும்?

3. அமைச்சர் சொல்வதற்கும் சட்டம் சொல்வதற்கும் வேறுபாடு வந்தால் ஓர் அதிகாரி என்ன செய்யலாம்? என்ன செய்யக்கூடாது?

4. நம் குடியிருப்பில் குப்பை எடுப்பவர், சாக்கடை சுத்தம் செய்பவர் ஆகியோரின் பெயர் நமக்குத் தெரியுமா? அவர்களுக்குக் கையுறையும் காலணியும் கிடைக்கின்றனவா என்று யார் கேட்க வேண்டும்?